கட்டிலில் ஏற படிக்கட்டு!

குட்டீஸ்... ராத்திரி தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள்? பாயை விரித்து, தலையணையைப் போட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக் கொள்வீர்கள். வீட்டில் கட்டில் இருந்தால் ஒரே தாவு, ஏறி விடலாம். ஆனால், கட்டிலில் ஏறுவதற்கே தனியாக ஒரு படிக்கட்டு வைத்திருந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

ஆமாம்... நிஜம்தான்! இங்கிலாந்தில், சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் பெரிய பணக்காரர்களின் படுக்கை அறையில் இப்படித்தான் இருந்தது. அங்கே நிலப்பிரபுக்கள், லண்டன் நகரத்தை விட்டுத் தள்ளி, கிராமப்புறத்தில் அரண்மனை போல மாளிகை கட்டிக் கொண்டார்கள். சுற்றிலும் பல நூறு ஏக்கர் நிலம், தோட்டம், குதிரை லாயம். உள்ளே, எண்ண முடியாத அறைகள். அந்த அறைகளுக்காகவே செய்யப்பட்ட கட்டில், அலமாரி, மேசைகள் சில இன்றும் முறியாமல் நிற்கின்றன. கருஞ்சிவப்பாக, கண்ணாடி போல மின்னுகின்றன.

அவை செய்யப்பட்ட மரத்தின் பெயர் மகோகனி. வாருங்கள், அந்தப் படுக்கை அறைக்குள் ஒரு ரவுண்டு போய் வரலாம்.

கட்டிலுக்குள் ஒரு குட்டி அறை!

அறையின் நடுநாயகம், கட்டில்தான். நான்கு மூலையிலும் உயரமான நான்கு தூண்கள். தூண்களில் இலை, பூ எல்லாம் செதுக்கியிருப்பார்கள். மேலே மரச்சட்டத்தில் ஒரு கூரை. அதிலிருந்து நான்கு பக்கமும் கனமான திரைச்சீலைகள் தொங்கும்.

நம் ஊரில் கொசுவலை கட்டுவது போலத்தானே என்று கேட்கிறீர்களா? பார்க்க அப்படித்தான். ஆனால், அங்கே விரட்ட வேண்டியது கொசுவை அல்ல, குளிரை! மாளிகை எவ்வளவு பெரிதோ, அவ்வளவு குளிரும். அறையின் ஒரு பக்கத்தில் நெருப்பு எரிந்தாலும், மறுபக்கம் நடுங்க வைக்கும். திரையை இழுத்து மூடிவிட்டால், கட்டிலே ஒரு குட்டி அறை ஆகிவிடும். உள்ளே படுத்திருப்பவர்களின் உடம்புச் சூடு வெளியே போகாது.

படுக்கும் முன் இன்னொரு வேலையும் நடக்கும். நீண்ட கைப்பிடி வைத்த, மூடி போட்ட பித்தளைத் தட்டில் தணலைப் போட்டு, வேலைக்காரப் பெண் மெத்தை விரிப்புகளுக்கு நடுவே நகர்த்தி நகர்த்தி எடுப்பாள். நாம் துணிக்கு இஸ்திரி போடுவது போல, அவர்கள் மெத்தைக்கு இஸ்திரி போட்டார்கள்!

சரி, படிக்கட்டு எதற்கு? அந்தக் காலத்தில் ஸ்பிரிங் மெத்தை கிடையாது. வைக்கோல் மெத்தை, அதன்மேல் கம்பளி ரோம மெத்தை, அதற்கும் மேல் பறவை இறகு மெத்தை என்று அடுக்கடுக்காகப் போடுவார்கள். கட்டில் உயர்ந்து கொண்டே போகும். அதனால், இரண்டு மூன்று படிகள் வைத்த சின்ன மகோகனி படிக்கட்டைப் பக்கத்தில் வைத்தார்கள்.

மூக்கைப் பிடிக்காதீங்க!

அந்தப் படிக்கட்டில் ஒரு ரகசியமும் உண்டு. சில படிக்கட்டுகளில் ஒரு படியை இழுத்தால் வெளியே வரும். உள்ளே பார்த்தால்... ஒரு பீங்கான் சட்டி! எதற்கா? ராத்திரி ஒன்றுக்கு வந்தால் போவதற்குத்தான்!

சீ... சீ... என்று மூக்கைப் பிடிக்காதீர்கள். அந்த மாளிகைகளில் படுக்கை அறையோடு சேர்ந்த பாத்ரூம் எல்லாம் கிடையாது. நடுராத்திரி இருட்டில், மெழுகுவர்த்தியைப் பிடித்துக் கொண்டு, குளிரில் எங்கே போவது? அதனால் சட்டி அறையிலேயே இருக்கும். அதை வெளியே தெரியாமல் வைக்க, கட்டில் பக்கத்தில் அழகான சின்ன அலமாரிகளும் செய்தார்கள். விடிந்ததும் அந்தச் சட்டியை எடுத்துக் கொண்டு போய்க் கொட்டிக் கழுவுவது வேலைக்காரர்களின் பொறுப்பு.

முகம் கழுவவும் தனி மேசை. மேல் பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு, அதில் பீங்கான் பேசினை உட்கார வைத்திருப்பார்கள். குழாய்? அதெல்லாம் இல்லை. சமையலறையில் சுட வைத்த வெந்நீரைச் செம்புப் பாத்திரத்தில் எடுத்துக் கொண்டு, வேலைக்காரர்கள் மாடிப்படி ஏறி வர வேண்டும். அறைக்கு அறை, தினமும், மாடிக்கும் கீழுக்குமாக! அந்த மேசையின் மேலே மடக்கும் மூடியை மூடிவிட்டால், அது சாதாரண மேசை போலத் தெரியும்.

இன்னொரு ஆச்சரியம், துணி அலமாரி. உள்ளே துணியைத் தொங்கவிட முடியாது. சட்டை மாட்டும் ஹேங்கர் அப்போது வழக்கத்துக்கு வரவில்லை. அதனால், கதவைத் திறந்தால் உள்ளே தட்டுத் தட்டாகப் பலகைகள் இருக்கும். ஒவ்வொரு தட்டையும் டிராயர் போல வெளியே இழுக்கலாம். துணிகளை மடித்துப் படுக்க வைப்பார்கள்.

டிராயர் அலமாரிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி வைத்தார்கள். மேல் டிராயரை எட்டுவதற்கு நாற்காலி போட்டு ஏறத்தான் வேண்டும்! இவ்வளவு பெரியதை எப்படித் தூக்குவது? மேல்பாதி, கீழ்பாதி தனித்தனியாகக் கழன்று வரும். பல அலமாரிகளின் பக்கவாட்டில் தூக்குவதற்கென்றே பித்தளைக் கைப்பிடிகளும் உண்டு. கட்டிலும் அப்படித்தான். போல்ட்டைக் கழற்றினால் தூண் வேறு, சட்டம் வேறு.

ஏன் மகோகனி?

அதற்கு முன் இங்கிலாந்துப் பணக்காரர்கள் வால்நட் என்ற மரத்தில்தான் சாமான்கள் செய்து வந்தார்கள். 1709-ம் ஆண்டு ஐரோப்பாவில் பயங்கரக் குளிர். ஏராளமான வால்நட் மரங்கள் பட்டுப் போயின. 1720-ம் ஆண்டு பிரான்ஸ், தன் நாட்டு வால்நட் மரத்தை வெளியே விற்கத் தடை போட்டது. 1721-ம் ஆண்டு பிரிட்டன், அமெரிக்கப் பகுதியில் இருந்த தன் காலனிகளிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியது. அவ்வளவுதான்... கரீபியன் தீவுகளிலிருந்து மகோகனி கப்பல் கப்பலாக வந்து இறங்கத் தொடங்கியது.

தச்சர்களுக்கு அந்த மரத்தைப் பார்த்ததும் ஒரே குஷி. மரம் பிரமாண்டமாக வளரும் என்பதால், ஒட்டு போடாமல் ஒரே அகலப் பலகை கிடைத்தது. சுலபத்தில் வளையாது, சுருங்காது. பூச்சி அரிப்பது குறைவு. உளியால் எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும் பொடிந்து விழாது. மெருகு ஏற்றினால் தகதகவென்று ஜொலிக்கும்.

மெருகு எப்படி ஏற்றினார்கள் தெரியுமா? ஆளி விதை எண்ணெயைத் தடவி, செங்கல் பொடியைத் துணியில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தார்கள்! 1820-களை ஒட்டி வேறு முறை வந்தது. அதுதான் பிரெஞ்சு பாலிஷ். அதில் சேரும் அரக்கு இந்தியாவிலிருந்துதான் போனது. மரங்களில் வாழும் சின்னஞ்சிறு அரக்குப் பூச்சி தரும் பிசின் அது. நம் ஊர் பூச்சி, இங்கிலாந்து பிரபுவின் கட்டிலுக்கு பளபளப்புக் கொடுத்திருக்கிறது, பாருங்கள்!

மரத்தை வெட்டியவர்கள் யார்?

இங்கே கொஞ்சம் நிற்போம். மின்னும் கட்டிலைப் பார்த்தோம். ஆனால், அந்த மரம் தானாகக் கப்பல் ஏறி வரவில்லையே!

முதலில் ஜமைக்கா தீவில் வெட்டினார்கள். அங்கே நல்ல மரங்கள் தீரத் தொடங்கியதும், மத்திய அமெரிக்கக் கரையில், இன்று பெலிஸ் என்ற நாடு இருக்கும் காட்டுக்குப் போனார்கள். வெட்டியவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டு வரப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். அவர்களுக்குக் கூலி கிடையாது. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

காட்டில் மகோகனி கூட்டமாக வளராது. இங்கே ஒன்று, எங்கோ ஒன்று என்று தள்ளித் தள்ளி நிற்கும். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு கெட்டிக்கார ஆள் வேண்டும். ஆகஸ்ட் மாத வாக்கில், மகோகனியின் இலைகள் நிறம் மாறும். அப்போது அவர், அங்கே இருப்பதிலேயே உயரமான மரத்தின் உச்சிக்கு ஏறுவார். பச்சைக் கடல் போன்ற காட்டின் மேல் பார்வையை ஓட்டி, நிறம் மாறிய இலைகள் எங்கே என்று கண்ணாலேயே குறித்துக் கொள்வார். பிறகு, இறங்கி வந்து, வழி தவறாமல் அந்த மரத்திடம் போய்ச் சேருவார். வரைபடம் இல்லை, கருவி இல்லை!

மகோகனியின் அடிப்பாகம் மதில் போலப் பரந்து இருக்கும். அதனால், தரையிலிருந்து சுமார் 12 அடி உயரத்தில் சாரம் கட்டி, அதன்மேல் நின்று கோடரியால் வெட்டினார்கள். ராட்சத மரம் சாயும்போது தப்பிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

வெட்டிய மரத்தை மாடுகள் பூட்டிய வண்டியில் ஆற்றுக்கு இழுத்து வந்தது எப்போது தெரியுமா? ராத்திரியில்! பகல் வெயிலை மாடுகள் தாங்காது என்பதால், தீப்பந்த வெளிச்சத்தில் இழுத்தார்கள். மாட்டுக்காவது பகலில் ஓய்வு என்று யோசித்தவர்கள், மனிதர்களுக்கு விடுதலை தர யோசிக்கவில்லை. மழை வந்து ஆறு பெருகியதும், மரங்களை வெள்ளத்தில் மிதக்கவிட்டுக் கடலோரம் சேர்த்தார்கள். அங்கிருந்து கப்பல்.

1807-ம் ஆண்டு பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. 1833-ம் ஆண்டு, தன் காலனிகளில் அடிமை முறையையே ஒழிக்கச் சட்டம் போட்டது. முழு விடுதலை கிடைக்க 1838 ஆனது.

அட்லஸில் பெலிஸ் நாட்டின் கொடியைத் தேடிப் பாருங்கள். நடுவில் ஒரு மகோகனி மரம். அருகில் கோடரியும் துடுப்பும் ஏந்திய இரண்டு உழைப்பாளிகள். பிரபுக்களின் மாளிகையில் எழுதப்படாத அவர்கள், ஒரு நாட்டின் கொடியிலேயே இடம் பிடித்துவிட்டார்கள்!

தச்சர் மகன் போட்ட புத்தகம்

மரம் லண்டனுக்கு வந்துவிட்டது. இனி, அதைக் கட்டிலாக்க வேண்டும். அதில் எல்லோரையும் மிஞ்சிப் பெயர் வாங்கியவர் தாமஸ் சிப்பன்டேல். 1718-ம் ஆண்டு, யார்க்‌ஷயரில் உள்ள ஓட்லி என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா தச்சர். மகனும் தச்சு வேலை பழகி, லண்டனில் கடை போட்டார்.

1754-ம் ஆண்டு அவர் செய்த காரியம், எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. கட்டில், நாற்காலி, அலமாரி என்று 160 பக்கப் படங்களோடு ஒரு பெரிய மாதிரிப் புத்தகம் வெளியிட்டார். "இதில் எது பிடிக்கிறதோ சொல்லுங்கள், செய்து தருகிறேன்" என்பது போல! பிரபுக்கள் மட்டுமா வாங்கினார்கள்? மற்ற தச்சர்களும் போட்டி போட்டு வாங்கி, அந்த மாதிரியைப் பார்த்துச் செய்தார்கள். அதனால், இன்று "சிப்பன்டேல் நாற்காலி" என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை அவர் கடையில் செய்தவை அல்ல; அவர் பாணியில் செய்தவை.

அடுத்த ஆண்டே சோதனை. 1755-ல் அவருடைய பட்டறை தீப்பிடித்தது. 22 தொழிலாளர்களின் கருவிப் பெட்டிகள் எரிந்து போயின. ஒரு தச்சருக்குக் கருவிப் பெட்டி என்றால் அதுதானே சோறு? ஆனாலும், மறுபடி எழுந்து நின்றார்.

பணக்காரர்களுக்கு வேலை செய்தால் பணம் கொட்டும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. பிரபுக்கள் பில்லுக்கு உடனே பணம் தர மாட்டார்கள். "எனக்கு நிலக் குத்தகை வருஷத்துக்கு ஒரு முறைதான் வருகிறது, நானும் வருஷத்துக்கு ஒரு முறைதான் தருவேன்" என்ற பாணியில் ஒரு பிரபு அவருக்குப் பதில் அனுப்பினார். மரக்காரருக்கும் தொழிலாளிக்கும் அதுவரை எப்படிப் பணம் தருவது? 1779-ம் ஆண்டு சிப்பன்டேல் இறக்கும் வரை பணக் கஷ்டம் தீரவில்லை. அவருக்குப் பிறகு கடையை நடத்திய மகன், 1804-ம் ஆண்டு திவால் ஆனார். இன்று அவர்கள் செய்த ஒரு மேசையே பல கோடி ரூபாய்க்கு ஏலம் போகும்!

பாதி வழியில் திரும்பிய லாரிகள்

ஸ்காட்லாந்தில், டம்ஃப்ரீஸ் மாளிகை என்று ஒன்று இருக்கிறது. 1750-களில் அதைக் கட்டிய டம்ஃப்ரீஸ் பிரபு, 1759-ம் ஆண்டு லண்டனுக்குப் போய், சிப்பன்டேலிடம் சாமான்களுக்கு ஆர்டர் கொடுத்தார். நான்கு தூண் கட்டிலும் அதில் உண்டு. பிற்காலத்தில் அந்த மாளிகையில் அதிகம் யாரும் குடியிருக்கவில்லை. அதனால், சாமான்கள் இடம் மாறாமல் அப்படியே இருந்தன. சிப்பன்டேல் எழுதிய பில்கள் கூட பத்திரமாக இருந்தன!

2007-ம் ஆண்டு அது யாரிடம் இருந்தது தெரியுமா? ஒரு கார் பந்தய வீரரிடம்! ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓடியவர். 1988-ம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற அணியில் இருந்தவர். அந்தப் பிரபு, மாளிகையையும் சாமான்களையும் விற்க முடிவு செய்தார். ஜூலை மாதம் லண்டனில் ஏலம் என்று தேதி குறித்தாகிவிட்டது. கட்டில் ஒரு நாட்டுக்கு, நாற்காலி ஒரு நாட்டுக்கு, கண்ணாடி இன்னொரு நாட்டுக்கு என்று சிதறப் போகிறது. 250 ஆண்டுகளாக ஒன்றாக இருந்த குடும்பம் பிரிவது போல!

கடைசி நேரத்தில் இளவரசர் சார்லஸ் குறுக்கே வந்தார். அவர் அந்த மாளிகையை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும், பல அமைப்புகளைச் சேர்த்து, 2 கோடி பவுண்டு கடனும் வாங்கி, மொத்தம் 4.5 கோடி பவுண்டுக்கு எல்லாவற்றையும் வாங்க ஏற்பாடு செய்தார். அப்போது சாமான்களை ஏற்றிய லாரிகள் லண்டனை நோக்கி ஓடிக் கொண்டிருந்தன! ராத்திரியோடு ராத்திரியாக அவற்றை நிறுத்தி, திருப்பி அனுப்பினார்கள்.

2008-ம் ஆண்டு மாளிகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு, வேலை இல்லாமல் பலர் தவித்தார்கள். இப்போது அங்கே இளைஞர்களுக்குப் பழைய கட்டடக் கைத்தொழில், சமையல் போன்ற பயிற்சிகள் தருகிறார்கள். அந்த இளவரசர்தான், 2022-ம் ஆண்டு முதல் பிரிட்டன் மன்னராக இருக்கும் மூன்றாம் சார்லஸ்.

நீங்களும் துப்பறியலாம்!

பழைய சாமானா, பழையது போலச் செய்த புதிய சாமானா? கண்டுபிடிக்க நிபுணர்கள் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை. பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும்தான் பார்ப்பார்கள்!

* டிராயரை வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். பலகைகள் புறாவின் வால் போல விரிந்த பற்களால் கோத்திருக்கும். கையால் அறுத்த பற்கள் ஒன்று போல் ஒன்று இருக்காது. எல்லாம் அச்சு அசல் ஒரே அளவு என்றால், அது இயந்திர வேலையாக இருக்கலாம்.

* பலகையின் அடியில் ரம்பத் தடம் நேர்கோடாக இருந்தால் கையால் அறுத்தது. வட்ட வட்டமாக வளைந்திருந்தால், பிற்காலத்து வட்ட ரம்பம்.

* வெளியே மகோகனி. உள்ளே டிராயர் பலகை ஓக் அல்லது பைன் மரமாக இருக்கும். விலை உயர்ந்த மரத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஏன் வீணாக்க வேண்டும் என்ற கணக்கு!

* மேல்பாதி ஓர் அலமாரியிலிருந்தும் கீழ்பாதி வேறு அலமாரியிலிருந்தும் வந்து சேர்ந்திருந்தால், பழம்பொருள் வியாபாரிகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? "கல்யாணம்!" இந்தக் கல்யாணம் நடந்த அலமாரிக்கு விலை குறைவு.

மகோகனி இப்போது எப்படி இருக்கிறது?

கட்டில்கள் பிழைத்தன; மரங்கள்தான் பாவம். நல்ல மரமாகப் பார்த்துப் பார்த்து வெட்டியதில், கரீபியன் தீவுகளில் பெரிய மகோகனி அரிதாகிவிட்டது. இப்போது, காட்டு உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தில் அது இடம் பெற்றிருக்கிறது. கரீபியன் மகோகனி 1992-ம் ஆண்டிலும், மத்திய, தென் அமெரிக்காவின் பெரிய இலை மகோகனி 2003-ம் ஆண்டிலும் அந்தப் பாதுகாப்புக்குள் வந்தன. உரிய அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு விற்க முடியாது.

நம் நாட்டுக்கும் மகோகனி புதிதல்ல. 1795-ம் ஆண்டே கரீபியன் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கொண்டு வந்து கொல்கத்தா தாவரவியல் பூங்காவில் நட்டார்கள். இன்று தமிழகத்திலும் விவசாயிகள் வரப்பிலும் தோப்பிலும் மகோகனி வளர்க்கிறார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, எங்காவது நிற்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியே வீட்டில் தாத்தா காலத்து பீரோவோ, கட்டிலோ, மரப்பெட்டியோ இருந்தால், பெரியவர்கள் துணையோடு டிராயரை இழுத்து, அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். உளித் தடம் தெரிகிறதா? யாரோ ஒரு தச்சர் பென்சிலால் போட்ட கோடு அழியாமல் இருக்கிறதா? "இதைச் செய்தது யார்? மரம் எங்கிருந்து வந்தது?" என்று தாத்தாவிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருந்தால், ஒரு நோட்டில் எழுதி அந்த டிராயரிலேயே போட்டு வையுங்கள். டம்ஃப்ரீஸ் மாளிகையில் சிப்பன்டேலின் பில் பத்திரமாக இருந்தது போல, உங்கள் வீட்டுத் தச்சரின் பெயரும் பத்திரமாக இருக்கட்டுமே!